"டேய், ஒரு சிகரெட் வாங்கிட்டு வா!"

பள்ளிச் சீருடையில் நாலு பையன்கள் புகை விடும் காணொளி ஏதாவது ஒன்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "இந்த வயசுல இதெல்லாம் இதுங்களுக்கு எங்கிருந்து கிடைக்குது?" கேட்பவர்கள் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. எந்தப் பள்ளி, எந்த ஏரியா என்று பார்க்கிறார்கள். அரசுப் பள்ளிச் சீருடை என்று தெரிந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. "அந்தப் பக்கத்துப் பசங்க அப்படித்தான்" என்று ஒருவர் எழுதுவார். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது தோழர்களே. சிகரெட் கடையில் கிடைக்கிறது. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, ஒவ்வொன்றாகக் கிடைக்கிறது. அந்தக் கடைக்கு முதன்முதலில் அவனைக் காசு கொடுத்து அனுப்பியது ஒரு பெரிய மனிதர். இந்த இரண்டையும் பேசாமல் "இளைய தலைமுறை சீரழிகிறது" என்று புலம்புகிறவர்கள், பழியைப் பிள்ளைகள் தலையில் இறக்கிவிட்டுத் தங்கள் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2019இல் இந்தியா முழுவதும் பள்ளிகளில் நடத்தப்பட்ட உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். சிகரெட் பிடிக்கும் மாணவர்களில் 69 சதவீதம் பேரும், பீடி பிடிப்பவர்களில் 78 சதவீதம் பேரும் அதைக் கடையிலோ பெட்டிக்கடையிலோ தெருவோர வியாபாரியிடமோ காசு கொடுத்து வாங்கியவர்கள். அப்படி வாங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை "உனக்கு வயசாகல, போ" என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை. புகைத்துப் பார்த்த பிள்ளைகளில் சிகரெட்டை 38 சதவீதம் பேரும் பீடியை 47 சதவீதம் பேரும் 10 வயது நிறைவதற்கு முன்பே தொட்டிருக்கிறார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளையை யார் "சீரழிந்த இளைஞன்" என்பது?

இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இது பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கு. பள்ளியை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனவன், பஞ்சர் கடையில் டயர் கழற்றுகிறவன், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவன் யாரும் இதில் இல்லை. பள்ளியை விட்டு முதலில் வெளியே தள்ளப்படுகிறவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை இந்த வலைப்பூவின் வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பிள்ளைகளைப் பற்றி ஊர் முழுக்கப் பேசுகிறது. எண்ணும்போது மட்டும் அவர்கள் இல்லை.

சரி, கடையில் எப்படிக் கிடைக்கிறது? ஒத்தச் சிகரெட்டாகக் கிடைக்கிறது. மொத்த வியாபாரமும் அந்த ஒற்றைச் சிகரெட்டில்தான் நிற்கிறது. ஒரு முழுப் பாக்கெட் வாங்க ஒரு சிறுவனிடம் காசு இருக்காது. வாங்கினாலும் ஒளித்து வைக்க இடம் இருக்காது. ஒற்றைச் சிகரெட் என்றால் பத்து, இருபது ரூபாய் போதும். கடையிலேயே நெருப்பும் உண்டு. கயிற்றில் லைட்டர் தொங்கும். குடித்து முடித்ததும் வாய் நாற்றத்துக்கு மிட்டாயும் அதே கடையில் இருக்கிறது. வீட்டுக்குப் போகும்போது அவன் பையில் எந்தத் தடயமும் இல்லை.

2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது விதி. அழுகிய வாயும் புற்றுக்கட்டியும் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஒற்றையாக வாங்குகிறவன் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. பாக்கெட் கடைக்காரர் கையில் இருக்கிறது, சிகரெட் மட்டும் பையன் கையில் இருக்கிறது. அரசு போட்ட எச்சரிக்கை, யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களைத் தவிர மற்ற எல்லோர் கண்ணிலும் படுகிறது. இதனால்தான் கர்நாடகம் 2017இலும் மகாராஷ்டிரம் 2020இலும் சில்லறையாகச் சிகரெட் விற்பதற்குத் தடை போட்டன. நாடு முழுவதற்கும் அந்தத் தடையைக் கொண்டுவர 2020இல் ஒன்றிய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. வரைவு வரைவாகவே கிடக்கிறது.

சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003 இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவு, 18 வயதுக்குக் கீழ் உள்ள யாருக்கும் புகையிலைப் பொருளை விற்கக் கூடாது என்கிறது. கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்கிறது. மீறினால் தண்டனை? 200 ரூபாய் வரை அபராதம். 2003இல் போட்ட அதே 200 ரூபாய். ஒரு நாள் வியாபாரத்தில் அது ஒரு ஓரத்துச் செலவு. உங்கள் பள்ளி, கல்லூரி வாசலில் இருந்து நூறு அடி நடந்து பாருங்கள். 100 கெஜம் என்பது 300 அடி. அதைத் தாண்டுவதற்குள் எத்தனை கடைகள் வருகின்றன என்று எண்ணுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி விழிப்புணர்வுப் பேரணிகளில் யாரும் பேசுவதில்லை.

நம்மூரில் ஒரு சிறுவன் கடையில் சிகரெட் கேட்டால் கடைக்காரர் ஏன் கேள்வி கேட்பதில்லை? அவனுக்காகக் கேட்கிறான் என்று அவர் நினைப்பதே இல்லை. யாரோ பெரியவர் அனுப்பியிருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறார். "டேய், ஒரு சிகரெட் வாங்கிட்டு வா!" இந்த ஒரு வாக்கியம்தான் 18 வயது என்ற வேலியை உடைக்கும் கோடரி. கட்டட வேலையில் மேஸ்திரி சொல்கிறார். சூளையில் மேலாள் சொல்கிறார். பட்டறையில் முதலாளி சொல்கிறார். ஊர்த் தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் யாரும், அந்த வழியாகப் போகும் எங்கள் தெருப் பிள்ளை யாரையும் நிறுத்திச் சொல்லலாம். பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "டேய்" போதும்.

அந்தப் பையன் என்னென்ன கற்றுக்கொள்கிறான் என்று பாருங்கள். எந்தப் பெயரைச் சொன்னால் எந்தச் சிகரெட் வரும் என்று கற்றுக்கொள்கிறான். எந்தக் கடையில் கேட்காமல் தருவார்கள் என்று கற்றுக்கொள்கிறான். "மீதியை நீ வெச்சிக்க" என்று கிடைக்கும் சில்லறையைச் சேர்க்கிறான். சில இடங்களில் "பத்த வெச்சே எடுத்துட்டு வா" என்பார்கள். அணையாமல் இருக்க வழியில் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். அதுதான் அவனுடைய முதல் இழுப்பு. அவன் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, கெட்ட சகவாசத்தில் விழவில்லை. சொன்ன வேலையைச் செய்தான்.

இது வெறும் பழக்கம், இதில் எங்கே சாதி வந்தது என்று சிலர் கேட்பார்கள். எல்லாச் சாதியிலும் அப்பன்கள் பிள்ளைகளை அனுப்புகிறார்களே என்பார்கள். அனுப்புகிறார்கள்தான். நம் தெருவிலும் அனுப்புகிறார்கள், அதையும் நிறுத்த வேண்டும். ஆனால் யார் யாருடைய பிள்ளையை ஏவலாம் என்பதில் சாதி இருக்கிறது. தனக்கு உறவில்லாத, பெயர் தெரியாத ஒரு சிறுவனை நிறுத்தி வேலை சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது? காலனியில் இருந்து ஒரு பெரியவர் ஊர்த் தெருவுக்குப் போய், அங்கே விளையாடும் பையனிடம் காசைக் கொடுத்து "டேய், ஒரு பீடி வாங்கிட்டு வா" என்று சொல்லிப் பார்க்கட்டும். அன்று மாலை என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

1928இல் அண்ணல் அம்பேத்கர் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதனுக்கு எதிராக ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். மகர்கள் ஊருக்கும் அரசுக்கும் எந்த நேரமும் ஓடி வேலை செய்ய வேண்டும் என்ற பரம்பரைக் கடமைதான் மகர் வதன். கொடுக்கும் அற்ப மானியத்தைக் காட்டி ஒரு சமூகத்தையே எடுபிடியாக வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு வெட்டியான், தோட்டி என்று வேறு பெயர்கள். சட்டத்தில் அந்தப் பதவிகளை ஒழித்தாயிற்று. ஆனால் "இவன் பிள்ளை நமக்கு ஓட வேண்டியவன்" என்ற எண்ணம் ஒழியவில்லை. அந்த எண்ணம் இன்று ஒரு பையன் கையில் சிகரெட்டாக வந்து நிற்கிறது.

சட்டம் இதைப் பார்க்கிறதா? பாதி பார்க்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 77ஆம் பிரிவு, ஒரு குழந்தைக்கு மதுவையோ போதைப் பொருளையோ புகையிலையையோ கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த பிரிவு 78. குழந்தையை வைத்து மது, போதைப் பொருள் விற்பதையும் தூக்கிச் செல்ல வைப்பதையும் அது தண்டிக்கிறது. அந்தப் பட்டியலில் புகையிலை இல்லை. அதாவது குழந்தைக்குச் சிகரெட் கொடுத்தால் குற்றம். குழந்தையைச் சிகரெட் தூக்க வைத்தால் அந்தப் பிரிவு பேசாது. நாம் வாதாட வேண்டிய இடம் இதுதான். ஒரு பெரியவர் காசு கொடுத்து அனுப்பி, கடைக்காரர் அந்தப் பிள்ளையின் கையில் சிகரெட்டை வைக்கிறார் என்றால், அதுவும் 77 சொல்லும் "கொடுக்கச் செய்தல்"தான். ஏவியவரை விட்டுவிட்டு விற்றவரை மட்டும் பிடிப்பது பாதி நியாயம்.

"கடைக்காரர் என்ன செய்வார் பாவம், வருகிற பிள்ளையை எப்படி மறுப்பார்?" என்று ஒரு வாதம் வரும். இதற்குப் பதில் சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில் மிட்டாய் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, உங்களுக்கு இனிப் பொருள் தர மாட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். சொன்னதை அவர்களே படமும் எடுத்தார்கள். அந்தக் காணொளி பரவிய பிறகுதான் கைதும் கடைக்குச் சீலும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டது தின்பண்டம். அதை மறுக்க அந்தக் கடைக்குத் தெரிந்திருந்தது. ஊர் சொன்னால் கடை கேட்கிறது. குழந்தையின் முகத்தைப் பார்த்து "கிடையாது, போ" என்று சொல்ல வாய் வருகிறது. மிட்டாய்க்கு வருகிற அந்த "கிடையாது" சிகரெட்டுக்கு ஏன் வருவதில்லை? சாதிக் கட்டுப்பாட்டுக்கு இருக்கும் பலம் நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்கு இல்லை என்பதுதானே இதன் பொருள்?

அதே தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். வேலூர்ப் பக்கமும் அப்படித்தான். சுற்றுகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். தலித், இஸ்லாமிய, பிற்படுத்தப்பட்ட குடும்பத்துப் பெண்கள். முறத்தை மடியில் வைத்து நாள் முழுக்கக் குனிந்து ஆயிரக்கணக்கில் எண்ணிக் கட்டிக் கொடுத்தால்தான் அடுப்பு எரியும். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பீடி எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் துப்பறிய வேண்டாம். அவன் தவழ்ந்த இடத்தில் புகையிலைத் தூள் கிடந்தது. பீடி சுற்றுவதில் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாது என்று 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்று வைத்து, அந்தக் கூலியையும் அடிமட்டத்தில் வைத்தால், அம்மா சுற்றுவதைப் பிள்ளை மடித்துத்தான் கொடுக்கும்.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு 28 சதவீத வரிக்கு மேல் செஸ்ஸும் போட்டார்கள், பீடிக்கு செஸ் கிடையாது. ஏழைத் தொழிலாளி பாதிக்கப்படுவார் என்றுதான் எப்போதும் காரணம் சொல்லப்படுகிறது. அந்தச் சலுகையில் எத்தனை பைசா சுற்றுகிற கைக்கு வந்தது? பீடி மலிவாகவே இருக்கிறது, அதனால் பிள்ளைகள் கைக்குச் சுலபமாகப் போகிறது. சுற்றும் தாயின் கூலியும் மலிவாகவே இருக்கிறது. இரண்டு மலிவிலும் லாபம் ஒரே இடத்துக்குப் போகிறது.

அப்படியானால் தண்டனை யாருக்கு? புகை பிடித்துப் பிடிபடும் பையனைப் பாருங்கள். சிறுவனுக்கு விற்பதுதான் 6ஆம் பிரிவின்படி குற்றம். வாங்கிய சிறுவன் அந்தப் பிரிவில் குற்றவாளி இல்லை. நடப்பது தலைகீழ். வசதியான வீட்டுப் பையன் என்றால் பெற்றோரை அழைத்து அறைக்குள் பேசுவார்கள், கவுன்சிலிங் என்பார்கள். நம் பையன் என்றால் வகுப்பின் முன்னால் நிறுத்தி அடி. அப்புறம் "டிசி வாங்கிட்டுப் போ." கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிக்கவும் மனதளவில் துன்புறுத்தவும் தடை விதிக்கிறது. 16ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒரு சிகரெட்டுக்காகப் பள்ளியை விட்டுத் துரத்தப்படும் பையன் போய்ச் சேரும் இடம் எது? "டேய், ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று நாள் முழுக்கச் சொல்லும் வேலைத்தளம்தான்.

அடுத்து பெட்டிக்கடை. சோதனை என்று கிளம்பினால் அதிகாரிகள் போய் நிற்பது தெருமுனைப் பெட்டிக்கடையில்தான். கணவரை இழந்த ஒரு பெண்ணோ, கால் ஊனமான ஒருவரோ பிழைப்புக்கு நடத்தும் கடையாக அது இருக்கும். அவர் விற்பது தவறு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கடைக்குச் சரக்கைக் கொண்டுவந்து போடும் ஏஜென்ட் யார்? பள்ளிக்கு எதிரில் உள்ள கடை என்று தெரிந்தும் வாராவாரம் சப்ளை செய்கிறவர் மீது வழக்கு உண்டா? நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐடிசியின் பங்குகளில் ஏறத்தாழ 15 சதவீதம் அரசின் எல்ஐசியிடம் இருக்கிறது. ஒரு கையால் எச்சரிக்கைப் படம் ஒட்டுகிறார்கள், மறு கையால் டிவிடெண்ட் வாங்குகிறார்கள். இந்தக் கைகளை விட்டுவிட்டு, பெட்டிக்கடைக்காரம்மாவின் 200 ரூபாயில் குழந்தைகளைக் காப்பாற்றப் போகிறார்களாம்.

மேலே தொடாமல் கீழே மட்டும் அடித்தால் என்ன ஆகும் என்பதைக் குட்காவில் பார்த்துவிட்டோம். 2013இல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது. தடைக்குப் பிறகும் விற்பனை நடந்தது. அமைச்சர், உயர் போலீஸ் அதிகாரிகள் வரை லஞ்சம் போனதாகப் புகார் எழுந்து, 2018 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை சிபிஐக்கு மாற்றியது. தடை என்பது மாமூல் வாங்க இன்னொரு காரணமாகிவிட்டால், பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதனால் நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒற்றையாகச் சிகரெட், பீடி விற்பதைத் தடை செய்ய வேண்டும். அதை மீறினால் முதல் பொறுப்பு சரக்குப் போடும் விநியோகஸ்தருக்கு. புகையிலை விற்கத் தனி உரிமம் வேண்டும், அந்தக் கடையில் மிட்டாய், சிப்ஸ் விற்கக் கூடாது. இது நான் கண்டுபிடித்தது இல்லை. ஒன்றிய சுகாதார அமைச்சகமே 2017இல் மாநிலங்களுக்கு எழுதிய யோசனை. உரிமம் வரும்போது பெட்டிக்கடைக்காரர்கள் வேறு சரக்குக்கு மாறக் கடனும் அவகாசமும் கொடுக்க வேண்டும். 78ஆம் பிரிவில் புகையிலையைச் சேர்க்க வேண்டும். பீடித் தொழிலாளிக்கு வாழும் கூலியும் மாற்று வேலையும் வேண்டும்.

இது அரசிடம். நம்மிடம் இருக்கும் வேலையையும் சொல்கிறேன்.

மாணவர் தோழர்கள் ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் இருந்து 100 கெஜம் அளந்து, கடைகளை வரைபடமாகப் போடுங்கள். கடையின் பெயரைச் சமூக ஊடகத்தில் போட்டு யாரையும் அவமானப்படுத்த வேண்டாம், கலெக்டர் ஆபீசில் மனுவாகக் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி உங்கள் மாவட்டக் காவல்துறையிடம் கேளுங்கள்: கடந்த 3 ஆண்டில் 6ஆம் பிரிவில் எத்தனை வழக்கு, எவ்வளவு அபராதம், 77ஆம் பிரிவில் எத்தனை முதல் தகவல் அறிக்கை, அவற்றில் விநியோகஸ்தர்கள் எத்தனை பேர்? வரும் பதிலை அப்படியே வெளியிடுங்கள். பதிலே வராவிட்டால் அதையும் வெளியிடுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இருக்கும் தோழர்கள், வார்டனோ வேறு ஊழியரோ பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். அனுப்பினால் எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்த கிராம சபையில், 18 வயதுக்குக் கீழ் உள்ள யாரையும் சிகரெட், பீடி, மது வாங்க அனுப்பக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். யார் யார் எதிர்க்கிறார்கள் என்று பாருங்கள். ஊரைப் பற்றி நிறைய தெரிந்துகொள்வீர்கள்.

பிடிபட்ட பையனோடு நில்லுங்கள். அவன் புகைப்பதைச் சரி என்று சொல்ல வேண்டாம். அது அவன் நுரையீரலையும் கூலியையும் தின்னும், அதை அவனிடம் நேராகச் சொல்லுங்கள். ஆனால் அவனைப் பள்ளியை விட்டு அனுப்ப விடாதீர்கள்.

அடுத்த முறை உங்கள் கண் முன்னால் ஒருவர் ஒரு பிள்ளையைக் கைதட்டிக் கூப்பிட்டுக் காசை நீட்டினால், நடுவில் போய் நின்று மூன்று வார்த்தை சொல்லுங்கள்: "நீங்களே போங்க, ஐயா."

ஜெய்பீம்.